எலிக்குப் பொழுது எப்படித் தெரிகிறது?

அசாம் ஜாவா வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு எலியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பகலெல்லாம் மட்டைக் குவியலுக்குள் கிடக்கும். இருட்டியதும் பழத்தைக் கடிக்கக் கிளம்பிவிடும். அதைப் பிடிக்கத்தான் கம்பத்தில் பெட்டி கட்டி ஆந்தைகளைக் குடிவைக்கிறார்கள். அவற்றுக்கும் இரவு வேலைதான்!

இருட்டியது எலிக்கு எப்படித் தெரியும்? எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது என்போம். அது பாதி உண்மைதான்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் இந்த ஆராய்ச்சியை வளர்த்தார். 1990களில் அவரும் விஜய் குமார் சர்மாவும் வயல் சுண்டெலிகளை ஆராய்ந்தார்கள். சுண்டெலியை இருட்டறையில் வைத்து, ஓடுவதற்கு ஒரு சக்கரமும் கொடுத்துவிட்டால், சூரியனே தெரியாவிட்டாலும் அது நாள்தோறும் ஏறக்குறைய அதே நேரத்துக்கு எழுந்து ஓடும். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. ஆனால் அது சரியாக 24 மணி நேரம் காட்டுவதில்லை. தினமும் சில நிமிடம் விலகும். அதைத் திருத்துவது வெளிச்சம்.

எப்படித் திருத்துகிறது? இங்குதான் வியப்பு. எலியின் முன்னிரவில் சிறிது நேரம் விளக்கைக் காட்டினால், மறுநாள் அது தாமதமாக எழும். அதே விளக்கைப் பின்னிரவில் காட்டினால், முன்கூட்டியே எழும். அதன் பகல் வேளையில் காட்டினால் பெரும்பாலும் மாற்றமே இல்லை. முன்னிரவு வெளிச்சத்தை ‘இன்னும் அந்தி சாயவில்லை’ என்றும், பின்னிரவு வெளிச்சத்தை ‘விடிந்துவிட்டது’ என்றும் உடம்பு எடுத்துக்கொள்கிறது.

இந்தக் கடிகாரம் மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருப்பதை 1972இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் கண்டுபிடித்தார்கள். அந்தச் சிறு பகுதியை அழித்தால் எலி இரவு பகல் பாராமல் தூங்கும், விழிக்கும். பார்வைக்கான செல்கள் இல்லாத சுண்டெலிகூட வெளிச்சத்துக்கேற்பக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. விழித்திரையில் அதற்கென்றே தனிச் செல்கள் இருப்பது 2002இல் தெரிந்தது. நீல ஒளிக்கு அவை அதிகம் மசிகின்றன.

எலி இரவுப் பிராணி, நாம் பகல் பிராணி. ஆனாலும் வெளிச்சம் இரு கடிகாரங்களையும் ஒரே திசையில்தான் தள்ளுகிறது. அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் எத்தனை பேர் தொழிற்சாலை வேனில் இரவு ஷிப்டுக்குப் போகிறார்கள்! காலையில் வெயிலில் வீடு திரும்பும்போது அந்த வெயிலே ‘பகல் வந்தது’ என்று கடிகாரத்துக்குச் சொல்லிவிடுகிறது. படுத்தால் தூக்கம் வருமா? கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே நகரும். வாராவாரம் ஷிப்டு மாறினால் அது எப்போதுதான் சரியாகும்? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு ஷிப்டு வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று 2007இல் வகைப்படுத்தி, 2019இல் அதை உறுதிசெய்தது. ‘பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறான்’ என்று திட்டும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். சன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுக் கொடுங்கள்.

மனிதக் கடிகாரம் 24 மணிக்குச் சற்றே நீளமானது. அதனால் முன்னால் இழுப்பதைவிடப் பின்னால் தள்ளுவது அதற்கு எளிது. ஷிப்டு மாற்றியே ஆக வேண்டுமென்றால் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாற்றும்படி தொழிலாளர்கள் கேட்கலாம். இதில் முதலாளிக்கு ஒரு காசும் செலவில்லை.