விரல் நுனிக்கு எட்டும் வாழ்த்து



திருப்பலியில் குருவானவர் உயர்த்திப் பிடிக்கும் பெரிய அப்பத்தை நாம் எப்போதாவது கூர்ந்து பார்த்திருக்கிறோமா? அதன் நடுவே சிலுவையோ, பாடுபட்ட ஆண்டவரின் உருவமோ மெல்லியதாக எழும்பி நிற்கும். அதில் மையும் இல்லை, வண்ணமும் இல்லை. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, உருவம் செதுக்கிய சூடான இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஊற்றி அழுத்துகிறார்கள். தகட்டில் எங்கே பள்ளமோ, அங்கே அப்பத்தில் மேடு. வெந்ததை உடனே வெட்டினால் ஓரம் நொறுங்கிவிடும். ஆகவே சற்று ஈரம் ஏறவிட்டு, பிறகு வட்டமான வெட்டுக் குழலால் வெட்டி எடுக்கிறார்கள். பல கன்னியர் மடங்களில் இது நெடுங்காலமாக நடந்துவரும் வேலை.

வாழ்த்து அட்டை செய்வோர் 'எம்போசிங்', 'டை கட்டிங்' என்று சொல்வது இந்த இரண்டு வேலைகளைத்தான். முதலாவது, அழுத்தி மேடாக்குவது. அடுத்தது, கூரிய அச்சால் ஒரே அழுத்தில் வடிவமாக வெட்டுவது. மூன்றாவதாக ஒன்று உண்டு: மை தொட்டுக் குத்தும் 'ஸ்டாம்பிங்'. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் 1:3-இல் இறைமகனைக் குறித்து ஆசிரியர் கையாளும் கிரேக்கச் சொல் 'கரக்தேர்' என்பது. நாணயத்தில் அச்சுப் பதித்த உருவுக்கும் அன்று அதுவே பெயர். குருமடத்தில் படித்தபோது இது நமக்கு வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றியது. அச்சைக் கையில் எடுத்த பிறகுதான் பொருள் விளங்கியது.

அச்சைக் கையில் எடுத்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நோயாளர்களுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது ஆளுக்கொரு வாழ்த்து அட்டையும் கொடுப்பது நம் வழக்கம். கடையில் கட்டாக வாங்கிய பளபளப்பான அட்டைகள். அன்பியத்தில் ஒரு பாட்டிக்குச் சில ஆண்டுகளாகவே இரு கண்களும் தெரியாது. அட்டையை வாங்கித் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "சாமி, இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். குடில், இடையர்கள், மூன்று ஞானிகள் என்று வாயால் சொன்னோம். அவர் தலையசைத்தார். ஆனால் கையில் இருந்தது அவருக்கு வழவழப்பான வெற்றுத்தாள்தான். வெளியே வந்தபோது நமக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த திருவருகைக் காலத்தில் மறைக்கல்வி மாணவர்களோடு உட்கார்ந்து கையாலேயே அட்டை செய்வது என்று முடிவு செய்தோம்.

இந்தக் கலைக்கும் திருச்சபைக்கும் பழைய உறவு உண்டு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சிலும் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளிலும் அருள்சகோதரிகள் சிறு கத்தியால் தாளைச் சல்லடையாக வெட்டி, பூவேலை செய்த துணி ஓரம்போல ஆக்கி, நடுவில் புனிதரின் படத்தை வரைந்தார்கள். சிறு கத்திக்குரிய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அந்தப் படங்களுக்குக் 'கனிவே' என்று பெயர் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அதே வேலையை இயந்திர அச்சுகள் செய்யத் தொடங்கின. பாட்டிமார்களின் செபப் புத்தகத்துக்குள் இருக்கும், ஓரம் ஓட்டை ஓட்டையான பழைய புனிதர் படங்கள் அந்த வழியில் வந்தவை.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டை அதற்குப் பிந்தியது. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் வரையச் சொல்லி 1000 அட்டைகள் அச்சிட்டார். விலை ஒரு ஷில்லிங். ஏழைத் தொழிலாளிக்கு எட்டாத விலை அது. நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்கிறது. குழந்தைக்கும் மது கொடுப்பதுபோல வரைந்ததால் கண்டனம் எழுந்தது. இருபக்கமும் உள்ள சிறு படங்களை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஒன்றில் பசித்தவருக்கு உணவு, மற்றொன்றில் ஆடையற்றவருக்கு ஆடை.

சரி, வேலைக்கு வருவோம். சென்னை ஆண்டர்சன் தெருவில், திருமண அழைப்பிதழ்க் கடைகளுக்கு நடுவே, அட்டை தாளாகவே கிடைக்கும். 250 முதல் 300 ஜி.எஸ்.எம். கனம் போதும். அதைவிட மெல்லியது அழுத்தத்தில் கிழியும். பாண்டிச்சேரியில் பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்யும் கைத்தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. பருத்தி இழை நீளமானது, இழுத்தால் நீண்டுகொடுக்கும்.

ஸ்டாம்பிங் நம் குழந்தைகளுக்குப் புதிதல்ல. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மை தொட்டுக் குத்தினால் பூ வருமே, அதுதான். ரப்பர் அச்சில் கோடுகள் இன்னும் நுணுக்கமாக விழும். மை ஈரமாக இருக்கும்போதே அதற்கென்றுள்ள பிசின் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டுச் சூடு காட்டினால் பொடி உருகி மேடாக நிற்கும். மெதுவாகக் காயும் மைதான் இதற்குச் சரி. முடி உலர்த்தும் கருவியால் ஆகாது. சூடு போதாமல் பொடி மட்டும் பறந்து போகும். நாம் அப்படித்தான் ஒரு டப்பா பொடியை இழந்தோம். அதற்கென்று விற்கும் சூடேற்றும் துப்பாக்கி தேவை, அதைப் பிடிக்கப் பெரியவர் ஒருவரும் தேவை.

பாட்டிக்கு வேண்டியது வேறு வகை. வடிவத்தை வெட்டிய கெட்டி அட்டையை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் வாழ்த்து அட்டையை முகம் கண்ணாடிப் பக்கம் இருக்குமாறு வைத்து, உருண்டை முனைக் குச்சியால் வடிவத்தின் ஓரத்தை ஒட்டி அழுத்த வேண்டும். வெளிச்சத்தில் ஓரம் தெரியும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவே போதுமானது. அழுத்துவது பின்பக்கம் என்பதால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இருக்க வேண்டும். இதை மறந்து, முதல் நாள் மாணவர்கள் செய்த 'அன்பு' முழுவதும் தலைகீழாகவும் இல்லாமல் நேராகவும் இல்லாமல் பக்கம் மாறி வந்தது.

பிரெயில் எழுத்தும் இப்படித்தான் எழுதப்படுகிறது. லூயி பிரெயில் 1824-இல், தம் 15-ஆம் வயதில், ஆறு புள்ளி முறையை அமைத்தார். அதைக் கையால் எழுதுவோர் வலமிருந்து இடமாகப் புள்ளி குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கிறார்கள். புள்ளிக்கும் புள்ளிக்கும் சுமார் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி. அதைவிட நெருங்கினால் விரலுக்குப் பிரித்தறிவது கடினம். பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசுப் பள்ளி இருப்பதால் நம் பகுதி மக்களுக்குப் பிரெயில் கேள்விப்படாத ஒன்றல்ல. நம் பாட்டிக்கோ முதுமையில் பார்வை போனது, பிரெயில் தெரியாது. ஆகவே எழுத்தை விட்டு, ஒரே ஒரு பெரிய நட்சத்திரம் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டோம். குடிலை முழுதாக மேடாக்கிப் பார்த்தோம். கண்ணுக்கு அழகு, கண்ணை மூடித் தடவினால் வெறும் கரடு.

டை கட்டிங் மட்டும் கடைக்குப் போயிற்று. கூரிய எஃகுப் பட்டையை வடிவத்துக்கு வளைத்து ஒட்டுப்பலகையில் பதித்ததுதான் டை. பட்டையின் இருபக்கமும் ரப்பர் வைத்திருப்பார்கள். வெட்டியதும் தாளைத் தள்ளிவிட அது வேண்டும். 40 அட்டைக்காக ஒரு டை செய்வது வீண் செலவு. கடைக்காரர் யாருக்கோ செய்த பழைய நட்சத்திர டையிலேயே வெட்டிக் கொடுத்தார்.

கல்லும் காசும் இல்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நம் திருநின்றவூர்க்காரர் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். இறைவன் மனத்தைப் பார்ப்பார், சரிதான். ஆனால் மனத்துக்குள் நாம் நினைத்துக்கொள்ளும் வாழ்த்து பாட்டியின் கைக்கு வந்து சேராதே.

அட்டையைக் கொடுத்தோம். பாட்டி ஆள்காட்டி விரலால் ஓரமாகவே போனார். ஒவ்வொரு முனையிலும் நின்றார். ஐந்தையும் எண்ணி முடித்து, மீண்டும் ஒரு சுற்று வந்தார்.

"நட்சத்திரம், சரி. வால் எங்க சாமி?"

வாலை மறந்துவிட்டோம். இந்த ஆண்டு சேர்க்க வேண்டும். வால் நீண்டு குறுகும் இடத்தில்தான் அட்டை கிழியும். அதனால் அந்தப் பகுதிக்கு மட்டும் கைத்தாளை ஒட்டி, ஈரத்துணியால் லேசாக ஒற்றிவிட்டு அழுத்திப் பார்க்கலாம் என்று மாணவர்கள் சொல்கிறார்கள்.