கரிசலுக்கு எரிமலை எதற்கு?

கரிசல் மண் என்றதும் பள்ளிப் பாடம் நினைவுக்கு வரும். தக்காணப் பீடபூமியில் எரிமலைக் குழம்பு உறைந்து பசால்ட் பாறையானது, அது சிதைந்து கரிசலானது, அதில் பருத்தி விளைகிறது என்று ஒரே மூச்சில் ஒப்பித்திருப்போம். மகாராஷ்டிரத்துக்கு இது பொருந்தும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் பொருந்தாது. தக்காண எரிமலைக் குழம்பு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. ஆனாலும் இங்கே பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற அசல் கரிசல் கிடக்கிறது. அப்படியானால் பாறையின் பெயரைத் தெரிந்துகொண்டால் மண்ணின் பெயரையும் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையில் எங்கோ கோளாறு இருக்க வேண்டும். பாறை சரக்கைத் தருகிறது, அவ்வளவுதான். அந்தச் சரக்கு எந்த மண்ணாக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க, கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருமானூரையும் அதற்கு வடக்கே உள்ள நிலத்தையும்விட வசதியான இடம் தமிழ்நாட்டில் குறைவு.

மேற்கே பெரம்பலூர் பக்கம் 250 கோடி ஆண்டுகளைக் கடந்த நைஸ், சார்னோக்கைட் பாறைகள். அவற்றை ஒட்டிக் கிழக்கே, ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை கடல் ஏறியும் இறங்கியும் விட்டுச்சென்ற களிமண், மணற்கல், சுண்ணாம்புக்கல் அடுக்குகள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு 1860களில் இவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சியில் சிப்பி செறிந்த சுண்ணாம்புக்கல்லைத்தான் சிமென்ட் ஆலைகளுக்கு வெட்டுகிறார்கள். இன்னும் கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் போனால் கடலூர் மணற்கல்லும் செம்புறாங்கல்லும், மேலே முந்திரித் தோப்புகளும். தெற்கே திருமானூரில் இவை எதுவும் கண்ணில் படாது. அங்கே வயலில் கிடப்பது கொள்ளிடத்து வண்டல். குடகிலும் மைசூர்ப் பீடபூமியிலும் கொங்கு நாட்டிலும் தேய்ந்த பாறைகளின் துகள். காலடியில் ஆழத்தில் இருக்கும் பாறைக்கும் அந்த மண்ணுக்கும் எந்த உறவும் கிடையாது. ‘மண் என்பது உள்ளூர்ப் பாறையின் பொடி’ என்ற கருத்து முதல் படியிலேயே இங்கு அடிபட்டுப் போகிறது.

வண்டல் விதிவிலக்கு, ஆறு இல்லாத மேட்டில் பாறைதானே மண்ணைத் தீர்மானிக்கிறது என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அரியலூர்ப் பகுதிக் கரிசல் பெரிதும் பழைய கடற்படிவுகளின் மேலேயே பரவியிருக்கிறது. நைஸ் பாறைக்கு மேல் பெரும்பாலும் செம்மண். ஆனால் அதே நைஸ் பாறை கோவில்பட்டிச் சீமையில் என்ன செய்திருக்கிறது? கி. ராஜநாராயணன் எழுதிய கரிசல்காடு எரிமலைப் பாறையின் மேல் இல்லை. அங்கேயும் அடியில் நைஸ்தான். தீபகற்ப இந்தியாவில் பல இடங்களில் ஒரே பாறையின் மேல், ஒரே சரிவில், மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கரிசலும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. மேட்டில் விழும் மழை வடிந்து போகும்போது கால்சியம், மக்னீசியம், சிலிக்கா மூன்றையும் கரைத்துக் கொண்டு போகிறது. மிஞ்சுவது இரும்புத் துருவும் கயோலின் களியும். அடித்துச் செல்லப்பட்டவை பள்ளத்தில் வடிய வழியில்லாமல் தேங்கி, கோடையில் காய்ந்து செறிந்து, ஸ்மெக்டைட் என்ற வேறொரு களியாக உருவெடுக்கின்றன. கரிசலின் குணம் முழுக்க இந்தக் களியின் குணம். அரியலூரின் கடற்படிவுகளில் சுண்ணாம்பும் களியும் முன்கூட்டியே நிறைந்திருந்ததால், நிலம் பள்ளமாக இல்லாமல் சற்றே தட்டையாக இருந்தாலும் கரிசலாகிவிட்டது. வேலை பாதி முடிந்த நிலையில் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புப் பாறை இருந்தாலே கரிசல் வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. மத்தியதரைக் கடலோரத்தில், குரோஷியாவின் இஸ்திரியா போன்ற இடங்களில், வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் இறங்கிப் போகும் சுண்ணாம்புப் பாறையின் மேல் செக்கச்செவேலென்று மண் கிடக்கிறது.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கறுப்பாக இருப்பதால் கரிசலில் மட்கு மிகுதி என்று பலரும் நினைக்கிறார்கள். நம் நாட்டுக் கரிசலில் கரிமச்சத்து பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. இருக்கிற கொஞ்சம் மட்கு களித் துகள்களோடு இறுகப் பிணைந்து கிடப்பதே அந்தக் கறுப்புக்குக் காரணம். ஆகவே நிறம் நம்பத்தகுந்த சாட்சி அல்ல. ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பட்டையாகத் தள்ளிப் பார்ப்பது அதைவிட மேலான சோதனை. மணற்பாங்கான செம்மண் உடனே உதிரும். கரிசலோ அறுபடாமல் நீண்டு தொங்கும், விரலை விட்டுப் போகவும் மறுக்கும். கோடையில் குழி வெட்டினால் மேலிருந்து ஆழமாக இறங்கும் வெடிப்பும், அடியில் ஒன்றோடொன்று உராய்ந்து வழவழத்த சாய்வான மண் முகங்களும், இடையிடையே சுக்கான்கல் உருண்டைகளும் தெரியும். அமெரிக்க வேளாண் துறை 1975இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இத்தகைய மண்ணுக்கு வெர்ட்டிசால் என்று பெயர். குறைந்தது 30 சதவீதம் களி, வெடிப்பு, வழவழத்த முகம் என்று அது கேட்பவற்றில் கறுப்பு நிறமும் இல்லை, பசால்ட்டும் இல்லை. ரஷ்ய மண்ணியலாளர் டோக்குசாயெவ் 1883இலேயே மண்ணைப் பாறையிலிருந்து பிரித்துத் தனிப் பொருளாகப் பார்த்துவிட்டார். 1941இல் மண்ணியலாளர் ஹான்ஸ் யென்னி மண் உருவாவதற்குத் தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் சரிவமைப்பு, மூலப்பொருள், காலம் என்று ஐந்து காரணிகளை வரிசைப்படுத்தினார். ஐந்தில் பாறைக்கு ஒரு இடம்தான். நம் பாடப்புத்தகங்கள் அந்த ஒன்றையே இன்னும் கட்டிக்கொண்டு அழுவது ஏன் என்று புரியவில்லை.

கடைசி ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது. உழவனுக்கு வெர்ட்டிசால் எதற்கு, கரிசல், செவல், வண்டல் போதாதா? போதும். அந்தச் சொற்களில் நிறம் தெரிந்தாலும் உழவர்கள் அவற்றைப் பயன்படுத்துவது, எந்த ஈரத்தில் ஏர் இறங்கும், மழை நின்று எத்தனை நாளில் கால் வைக்கலாம் என்பதற்காகத்தான். புது வகைப்பாடு சுற்றி வளைத்து அங்கேயே வந்து சேர்ந்திருக்கிறது. வருவாய்த் துறையின் ஏ பதிவேட்டிலும் ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு கலம் உண்டு. வரி போடுவதற்கென்று ஆங்கிலேயர் காலத்தில் எழுந்ததானாலும், மண்ணின் களித்தன்மையை அது கணக்கில் எடுத்தது. 2015இல் வந்த மண்வள அட்டையோ தழை, மணி, சாம்பல் சத்து முதல் துத்தநாகம், போரான் வரை 12 அளவுகளைச் சொல்கிறது. களி எவ்வளவு, எந்தக் களி, தண்ணீர் எத்தனை வேகத்தில் இறங்கும் என்பவை அந்தப் பன்னிரண்டில் இல்லை. கார அமில நிலையும் சத்துகளும் ஒன்றாக இருந்து, திருமானூர் வண்டல் வயலுக்கும் அரியலூர்க் கரிசல் காட்டுக்கும் ஒரே மாதிரி அட்டை வந்தால், ஐப்பசி மழையில் எதில் பயிர் அழுகும் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. வடிகால் நிலையையும் களி அளவையும் குறிக்க அந்த அட்டையில் இன்னும் இரண்டு வரி சேர்ப்பது பெரிய செலவில்லை.