கோடை லீவில் ஒரு கம்பெனி

கல்லூரித் தேர்வு முடிந்த மறுவாரமே திருப்பூர் மாணவர்கள் பலர் பனியன் கம்பெனி வாசலில் நிற்பார்கள். செக்கிங், பேக்கிங், டெய்லருக்குக் கை மடித்துக் கொடுப்பது என்று ஏதாவது ஒரு வேலை கிடைத்துவிடும். இந்த ஊரில் வேலைக்கு மணிக்கணக்கு கிடையாது, ஷிப்ட் கணக்குதான். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சாயங்காலம் கையில் சம்பளம். அடுத்த வருடக் கட்டணத்துக்கு அந்தப் பணம் பெரிய ஆதரவு.

அதே கோடையில், அதே வயதுப் பிள்ளைகள் சொந்தமாக ஒரு கம்பெனியைத் தொடங்கிப் பார்க்கும் ஏற்பாடு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இருக்கிறது. சம்மர் ஆக்சிலரேட்டர் என்பார்கள். இடம், கொஞ்சம் செலவுப் பணம், கேள்வி கேட்க அனுபவஸ்தர்கள், கையில் மூன்று மாதம். அவ்வளவுதான். 2005 கோடையில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒய் காம்பினேட்டர் என்ற நிறுவனம் இப்படித்தான் தொடங்கியது. விடுமுறையில் வேறு வேலைக்குப் போவதை விட்டு இங்கே வாருங்கள் என்று மாணவர்களை அழைத்து, 8 குழுக்களைச் சேர்த்துக்கொண்டது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்சிஸ் ஒஹானியன் இருவரும் செல்போனில் சாப்பாடு ஆர்டர் செய்யும் யோசனையோடு வந்திருந்தார்கள். யோசனை நிராகரிக்கப்பட்டது. ஆட்களைப் பிடித்துப்போனதால், வேறொன்றைச் செய்யுங்கள் என்று திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த வேறொன்றுதான் இன்று உலகம் அறிந்த ரெடிட்.

எம்.ஐ.டி.யில் நடக்கும் ‘டெல்டா வி’ இன்னும் கல்லூரித்தனமானது. ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் முடியும். மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. பதிலுக்குப் பல்கலைக்கழகம் கம்பெனியில் பங்கு கேட்பதில்லை. மாதம் ஒருமுறை நிஜமான இயக்குநர் குழு போலவே ஒரு குழு உட்கார்ந்து கணக்குக் கேட்கும். போன மாதம் எத்தனை வாடிக்கையாளரைப் பார்த்தாய், அவர்கள் என்ன சொன்னார்கள், ஒருவராவது பணம் கொடுத்தாரா? மூன்று மாதத்தில் பெரிய கம்பெனி உருவாகிவிடாது. தன் சரக்கு யாருக்காவது தேவையா என்பது தெரிந்துவிடும். 20 வயதில் அது தெரிவது பெரிய லாபம்.

திருப்பூருக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. 1925-இல் குலாம் காதர் கையால் சுற்றும் பின்னல் இயந்திரத்தைக் கொண்டுவந்து தொடங்கிய ஊர்த் தொழில், 1970-களின் கடைசியில் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததும் ஏற்றுமதிக்குத் திரும்பியது. இன்று இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்து போகிறது. 2024-25-இல் மதிப்பு சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய். இதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போனதில்லை. கட்டிங் டேபிளில் நின்று பழகி, நாலு மெஷினோடு பவர்டேபிள் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்து, பிறகு கம்பெனி வைத்தவர்கள் ஏராளம். அப்படித் தொழிலாளியாக இருந்து முதலாளியானவர்களைப் பற்றி ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, இங்கே பேச வேண்டிய விஷயத்தை நேராகத் தொடுகிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர்க் கம்பெனிகளின் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். உள்ளூரில் சொந்தபந்தம் நிறைந்தவர்களின் கம்பெனிகள் அதிக முதலோடு தொடங்கியிருந்தன. வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கியிருந்தார்கள். ஆனால் வளர்ச்சியில் வேகம் காட்டியவை வெளியாட்களின் கம்பெனிகள். பணம் உறவு இருக்கும் பக்கம் போகிறது, திறமை எங்கு இருந்தாலும் சரி. மச்சான், மாமன், பங்காளி கைமாற்றாகக் கொடுத்த காசு இந்த ஊரை உயர்த்தியது உண்மை. அப்படிக் கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு மட்டும் ஊரிடம் நல்ல பதில் இருந்ததில்லை.

கல்லூரி வளாகத் தொழில் ஊக்குவிப்பு மையம், அதாவது இன்குபேட்டர், அந்தக் கேள்விக்கான பதிலாக வர வேண்டியது. திருப்பூரிலேயே ஒன்று இருக்கிறது. ஏற்றுமதியாளர் சங்கம் உருவாக்கிய நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி முதலிபாளையத்தில் இருக்கிறது. அங்கே நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டத்தின் உதவியோடு ஜவுளிக்கும் ஆடைக்குமான இன்குபேட்டர் நடக்கிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் கோவை. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. கல்லூரியின் பி.எஸ்.ஜி.-ஸ்டெப் 1998 முதல் இயங்குகிறது. குமரகுரு கல்லூரி வளாகத்தில் ஃபோர்ஜ் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2024-25 என்ற ஒரே நிதியாண்டில் 100-க்கும் மேற்பட்ட ஸ்டார்ட்-அப்களைச் சேர்த்துக்கொண்டது.

வளாகம் எதற்கு, வெறும் பணம் போதாதா என்று தோன்றலாம். கோவை முருகானந்தத்தின் கதை அதற்கு விடை. மலிவு விலை நாப்கின் இயந்திரத்தைக் கண்டுபிடித்த அவருக்கு, பெரிய கம்பெனிகள் நாப்கினுக்குள் வைப்பது பஞ்சு இல்லை, மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று தெரியவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நெசவாளி வீட்டுப் பிள்ளை, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்; ஆய்வகத்துக்குள் அழைத்துப்போக ஆள் இல்லை. 2006-இல் சென்னை ஐ.ஐ.டி. அவருக்கு விருது கொடுத்தது. ஒரு ஜவுளி வேதியியல் துறை ஆரம்பத்திலேயே கதவைத் திறந்திருந்தால் அந்த இரண்டு ஆண்டும் மிச்சம்.

இனி, திருப்பூர் மாணவர் எதைச் செய்வது? மொபைல் ஆப் ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. லீவில் செக்கிங் டேபிளில் நின்ற பிள்ளைக்குப் பிரச்சினைகள் அத்துப்படி. வட்டப் பின்னல் மெஷினில் ஓர் ஊசி பழுதானால் துணி முழுக்க நீளமாக ஒரு கோடு ஓடும். அதைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதற்குள் எத்தனையோ கிலோ துணி இறங்கிவிடும். கேமரா வைத்து உடனே மெஷினை நிறுத்தும் கருவிகள் உலகச் சந்தையில் உண்டு. நாலு மெஷின் வைத்திருக்கும் சின்ன நிட்டிங் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒன்றைச் செய்ய முடியுமா என்பது ஒரு கோடைக்கான நல்ல கேள்வி.

சாயப்பட்டறை இன்னொன்று. நொய்யல் ஆறு கெட்டதன் விளைவாக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாத முறைக்கு ஊர் மாறியதும் எல்லோருக்கும் தெரியும். நீரைச் சுத்திகரித்துத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலையங்களில் கிடக்கிறது. அதற்கு ஒரு பயன் கண்டுபிடிப்பவர் இந்த ஊருக்கே உபகாரம் செய்தவர். இது மூன்று மாதத்தில் முடிகிற காரியம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கிய ஏத்தர் என்ற மின்சார ஸ்கூட்டர் கம்பெனியின் முதல் ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்தது 2018-இல். பொருள் செய்யும் தொழிலில் காலம் பிடிக்கும். கட்டிங் வேஸ்ட் அப்படிப்பட்டது அல்ல. துண்டுத் துணியை நிறம் வாரியாகப் பிரித்து, மறுபடி பஞ்சாக்கி, ஓபன் எண்ட் மில்லில் நூற்றால் சாயமே போடாமல் கலர் நூல் கிடைக்கிறது. பிரிக்கும் வேலை இன்னமும் பெரும்பாலும் பெண்களின் கையில்தான் நடக்கிறது. அந்த இடத்தில் ஒரு கோடைக்குள்ளேயே ஏதாவது செய்து காட்டலாம்.

அரசு வழிவிட்டிருக்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. உயர்கல்வி நிறுவனங்களுக்காக 2019-இல் வந்த தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்-அப் கொள்கை, கோடைப் பயிற்சிக்கோ புராஜெக்ட்டுக்கோ பதிலாக மாணவர் தன் ஸ்டார்ட்-அப்பைச் செய்யலாம் என்கிறது. கல்லூரி முகவரியிலேயே கம்பெனியைப் பதிவு செய்யலாம். அனுமதி பெற்றிருந்தால் வருகைப்பதிவு குறைந்தாலும் தேர்வு எழுதலாம். வசதிகளைத் தருவதற்கு ஈடாகக் கல்லூரி 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் மாணவர் இதை நன்றாகப் படித்துக்கொள்ள வேண்டும். பணத்துக்கும் வழி உண்டு. தமிழக அரசின் ஸ்டார்ட்-அப் டிஎன் அமைப்பு டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் ரூபாயும், பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 15 லட்சமும் தொடக்க நிதியாகத் தருகிறது. மத்திய அரசின் விதை நிதியில், இன்குபேட்டர் வழியாக, மாதிரி செய்து பார்க்க 20 லட்சம் வரை மானியம் கிடைக்கும்.

இவ்வளவும் இருந்தும் ஒன்று குறைகிறது. மே மாதம் இன்குபேட்டரில் போய் உட்காரும் பிள்ளைக்கு அந்தச் சனிக்கிழமைச் சம்பளம் போய்விடும். டெய்லர் மகளால் அதை விட முடியாது. கம்பெனி முதலாளி மகனால் முடியும். உதவித்தொகை இல்லாத கோடைத் திட்டம் எவ்வளவு நன்றாக நடந்தாலும், ஏற்கெனவே முதல் இருக்கும் வீட்டுக்கே மறுபடி முதல் கொண்டுபோய்ச் சேர்க்கும். பானர்ஜியும் முன்ஷியும் கண்ட அதே பழைய கணக்கு.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, பிறர் லேபிளைத் தைத்துக் கொடுப்பதை மட்டும் நம்பியிருப்பதன் கஷ்டம் ஊருக்கே உறைத்தது. அது மாற வேண்டுமானால், ஏற்றுமதியாளர்களிடம் கேட்க வேண்டியது மூன்று. ஏப்ரலிலேயே தங்கள் கம்பெனியில் தீராத ஒரு பிரச்சினையை எழுதிக் கல்லூரிக்குக் கொடுங்கள். சோதித்துப் பார்க்க ஒரு மெஷினை விடுங்கள். அதோடு, அந்தப் பிரச்சினையை எடுத்துக்கொள்ளும் மாணவருக்கும் மாணவிக்கும் செக்கிங் ஆளுக்குக் கொடுக்கும் அதே ஷிப்ட் சம்பளத்தை, வாரா வாரம் சனிக்கிழமை, கொடுங்கள்.