மான்கள் மேய்ந்து தீர்த்த தீவு

செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசியை எடுத்துப் பாருங்கள். சுருண்டு காய்ந்த, எடையே இல்லாத சருகு. பெயரில்தான் பாசி, உண்மையில் அது பூஞ்சையும் பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் லைக்கன். நமக்கு வாசனைக்கு ஒரு துளி போதும். அதன் தூரத்துச் சொந்தமான கிளாடோனியாதான் ஆர்க்டிக்கின் துருவ மான்களுக்குக் குளிர்காலச் சாப்பாடே.

சாம்பல் பூத்த வெள்ளையில், பவளம்போல் கிளைத்து, தரையோடு மெத்தையாகப் படர்ந்திருக்கும். வேர் கிடையாது. மான் பனியை மோப்பம் பிடித்து, முன்னங்குளம்பால் பள்ளம் பறித்துத் தின்னும். கண்ணும் உதவும்: பனி புற ஊதாக் கதிரைத் திருப்பியடிக்கும், லைக்கன் விழுங்கிக்கொள்ளும். அந்தக் கதிர் மானுக்குத் தெரியும் என்பதால், நம் கண்ணுக்கு வெள்ளையோடு வெள்ளையாய் மறைவது அதற்குக் கருப்பாய்த் தெரியும். நாம் அப்படியே தின்றால் வயிற்றைப் புரட்டும். மானின் அசையூண் வயிற்று நுண்ணுயிரிகளோ அதைச் செரிக்கப் பழகியவை. மாவுச்சத்து தாராளம், புரதம் மட்டும் சொற்பம்.

சிக்கல் வேறிடத்தில். இந்த மெத்தை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். காய்ந்திருக்கும்போது அப்பளம்போல் நொறுங்கும். வாயில் போவதோடு குளம்படியில் பொடியாவதும் சேரும்.

பெரிங் கடலில், அலாஸ்காவைச் சேர்ந்த செயின்ட் மேத்யூ தீவில் 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை 29 துருவ மான்களை இறக்கியது. அங்கிருந்த வீரர்களுக்கு ஆபத்துக் காலத்தில் இறைச்சியாகட்டும் என்று. போர் முடிந்தது, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஓநாய் இல்லாத தீவு, யாரும் தொடாத லைக்கன். கேட்க வேண்டுமா? உயிரியலாளர் டேவிட் க்ளைன் 1957இல் எண்ணியபோது சுமார் 1,350. எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. 1963இல் 6,000. மெத்தை அதற்குள் கந்தலாகியிருந்தது.

அந்தக் குளிர்காலம் கடுமையாக அமைந்தது. 1966இல் க்ளைன் திரும்பி வந்தபோது புல்வெளியெங்கும் எலும்புக்கூடுகள். உயிரோடு இருந்தவை 42. அவற்றில் ஆண் ஒன்றே ஒன்று, அதுவும் கொம்பு கோணலானது. குட்டி ஒன்றுகூட இல்லை. 1980களில் கடைசி மானும் போய்விட்டது.

அதற்குப் பிறகு மேய ஆளில்லை. ஆனாலும் 2005இல் அளந்தபோது, மான் காலே படாத பக்கத்து ஹால் தீவின் லைக்கனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இங்கே முளைத்திருந்தது.