பிரான்ஸின் பழைய நகரங்களில் இரண்டு இரவு: ஹோட்டலா, வாடகை வீடா? இந்தக் கேள்வி ஏன் முக்கியமாகிறது?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ரயில் ஏறுவது. பழைய நகரம் ஒன்றில் இரண்டு இரவு ஹோட்டலில் தங்குவது. கற்கள் பதித்த சந்துகளில் நடந்து, நன்றாகச் சாப்பிட்டு, ஞாயிறு இரவு வீடு திரும்புவது. பிரான்ஸில் இந்தக் குட்டிப் பயணம் பலருக்குப் பழகிப்போன ஒன்று. பாரிஸைத் தாண்டி நாலு ஊர் பார்க்க நினைக்கும் வெளிநாட்டவர்களும் இப்போது இதே வழியில்தான் போகிறார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த இரண்டு இரவை எங்கே தூங்கிக் கழிக்கிறோம் என்பது, அந்த ஊரில் வாழ்கிறவர்களின் வீட்டு வாடகை வரை போய்த் தொடுகிறது. எப்படி?

இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

இரண்டு காரணங்கள். ஒன்று விடுமுறை, இன்னொன்று ரயில்.

1936-ல்தான் பிரான்ஸில் தொழிலாளர்கள் எல்லோருக்கும் சம்பளத்துடன் 2 வார விடுப்பு சட்டமானது. 1982-ல் அது 5 வாரமாக உயர்ந்தது. 2000-ம் ஆண்டு வாக்கில் வாரத்துக்கு 35 மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. அதற்கு மேல் வேலை செய்யும் பலருக்கு, அந்தக் கூடுதல் நேரம் விடுப்பு நாட்களாகத் திரும்பக் கிடைக்கிறது. வியாழக்கிழமை அரசு விடுமுறை என்றால் வெள்ளிக்கும் சேர்த்து லீவு போட்டுவிடுவார்கள். இதற்கு அங்கே ‘பாலம்’ என்றே பெயர். மே மாதத்தில் விடுமுறைகள் அதிகம் என்பதால், பாலங்களும் அதிகம்.

அடுத்தது டிஜிவி அதிவேக ரயில். 1981-ல் பாரிஸ் - லியோன் தடத்தில் தொடங்கியது. இன்று லியோனுக்கு சுமார் 2 மணி நேரம், ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு 2 மணி நேரத்துக்கும் குறைவு. 2017-ல் புதிய பாதை திறந்த பிறகு போர்தோவும் ஏறக்குறைய 2 மணி நேரத் தூரத்துக்கு வந்துவிட்டது.

பழைய வீதிகள் எப்படித் தப்பின?

இந்த நகரங்கள் தானாகவே பிழைத்துக் கிடக்கவில்லை. தெற்கே உள்ள கார்காசோன் கோட்டை நகரத்தை எடுத்துக்கொள்வோம். 52 கோபுரங்கள், இரட்டை மதில் சுவர்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் இதை இடிக்கும் முடிவுக்கே அரசு வந்திருந்தது. உள்ளூரில் எழுந்த எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. 1853-ல் கட்டடக் கலைஞர் வியோலே லெ துயுக் தலைமையில் சீரமைப்புப் பணி தொடங்கியது. 1997-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது.

லியோனின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பழைய லியோன் பகுதி பாழடைந்த வீடுகளோடு கிடந்தது. அதன் நடுவே சாலை போட நகராட்சி திட்டமிட்டது. குடியிருப்பாளர்கள் விடவில்லை. 1962-ல் கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ கொண்டுவந்த சட்டம் அவர்களுக்குக் கைகொடுத்தது. தனித்தனிக் கட்டடங்களை மட்டுமல்லாமல், ஒரு பகுதி முழுவதையும் பாதுகாக்கலாம் என்றது அந்தச் சட்டம். 1964-ல் அதன் கீழ் பாதுகாக்கப்பட்ட முதல் பகுதி பழைய லியோன்தான். ஒரு தெருவில் நுழைந்து, வீடுகளின் உள்முற்றம் வழியாக அடுத்த தெருவுக்குப் போகும் ‘திராபூல்’ நடைபாதைகளை இன்றும் அங்கே பார்க்கலாம். அவற்றின் மேல்மாடிகளில் இன்னும் குடும்பங்கள் வசிக்கின்றன.

பிறகு சிக்கல் எங்கே?

காப்பாற்றப்பட்ட வீடுகளில் யார் வசிப்பது என்பதில்தான்.

பிரிட்டனி கடற்கரையில் இருக்கும் சான் மாலோ இதற்குச் சரியான உதாரணம். 1944 ஆகஸ்டில் குண்டுவீச்சிலும் தீயிலும் மதிலுக்குள் இருந்த நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது. பழைய தோற்றம் மாறாமல் கருங்கல்லில் மீண்டும் கட்டினார்கள். இப்போது பாரிஸிலிருந்து அங்கே நேரடி ரயில் உண்டு. வந்தவர்கள் முதலில் ஹோட்டல்களில் தங்கினார்கள். ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் வந்த பிறகு, குடியிருப்பு வீடுகளே தங்கும் விடுதிகளாக மாறத் தொடங்கின.

வீட்டுக்காரர் பக்கக் கணக்கு எளிமையானது. வாடகைக்குக் குடிவைத்தால், பொருட்கள் இல்லாத வீட்டுக்குப் பொதுவாகக் குறைந்தது 3 ஆண்டு ஒப்பந்தம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, குளிர்காலம் என்பதால் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது. சுற்றுலாப் பயணிக்குக் கொடுத்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை, வருமானமும் அதிகம்.

ஊர் பக்கக் கணக்கு வேறு. அங்கேயே வேலை செய்யும் நர்ஸ், ஆசிரியர், ஹோட்டல் சமையல்காரர் ஆகியோருக்கு வீடு கிடைப்பதில்லை. அவர்கள் வெளியே போனால் மளிகைக் கடை போய் பரிசுப்பொருள் கடை வரும். குளிர்காலத்தில் ஜன்னல்கள் இருண்டு கிடக்கும்.

2021-ல் சான் மாலோ நகராட்சி ஒரு முடிவெடுத்தது. மதிலுக்குள் உள்ள வீடுகளில் 12.5 சதவீதத்துக்கு மேல் குறுகிய கால வாடகைக்கு விடக் கூடாது. மற்ற பகுதிகளுக்கு இன்னும் குறைந்த வரம்பு. அதோடு, ஒருவருக்கு ஒரு வீட்டுக்கு மட்டுமே அனுமதி.

நாடு முழுவதும் என்ன சட்டம்?

2024 நவம்பரில் புதிய சட்டம் வந்தது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆண்டுக்கு 120 நாள் வரை விடலாம் என்பது பழைய விதி. அதை 90 நாளாகக் குறைக்க நகராட்சிகளுக்கு இப்போது அதிகாரம் உண்டு. இந்த வாடகை வருமானத்துக்கு இருந்த வரிச் சலுகையும் குறைக்கப்பட்டது. இப்படி விடப்படும் எல்லா வீடுகளுக்கும் பதிவு எண் கட்டாயமாக்கப்பட்டது.

எதிர்க் குரலும் இல்லாமல் இல்லை. பழைய வீட்டுக்குக் கூரை மாற்றவே பெரும் செலவாகும், வாடகை வருமானம்தான் அதற்கு உதவுகிறது என்கிறார்கள் வீட்டுக்காரர்கள். ஹோட்டலே இல்லாத சிற்றூர்களுக்கு இந்த வீடுகள்தான் பயணிகளைக் கொண்டுவருகின்றன என்பதும் உண்மை. அதனால்தான் நாடு முழுக்க ஒரே வரம்பு வைக்காமல், முடிவு உள்ளூர் கையில் விடப்பட்டிருக்கிறது.

அப்போ போகிறவர்கள் என்ன செய்யலாம்?

* பகலில் வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போகும் கூட்டத்தால் ஊருக்குப் பெரிய வருமானம் இல்லை. இரவு தங்குபவர்கள் கட்டும் தங்கல் வரி, சுற்றுலாச் செலவுகளுக்காக உள்ளாட்சிக்குப் போகிறது. 1910-ல் இருந்தே இந்த வரி உண்டு. ஹோட்டல் பில்லில் தனி வரியாக வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

* கார்காசோன் போன்ற இடங்களில் தங்குவதில் இன்னொரு லாபம், மாலையில் கூட்டம் கலைந்த பிறகு கோட்டைத் தெருக்களில் நிம்மதியாக நடக்கலாம்.

* வாடகை வீடுதான் வசதி என்றால், விளம்பரத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

* பழைய கட்டடங்களில் உள்ள சின்ன ஹோட்டல்களில் லிஃப்ட் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பெரியவர்களோடு போனால் முன்பே கேட்டுவிடுவது நல்லது. காலை உணவுக்குப் பல இடங்களில் தனிக் கட்டணம்.

* ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் நிறைய உணவகங்கள் மூடியிருக்கும்.

* ‘ஹோட்டல்’ என்ற பலகையைப் பார்த்ததும் பெட்டியோடு உள்ளே போய்விடாதீர்கள். பிரெஞ்சில் ‘ஒத்தேல் த வில்’ என்றால் நகராட்சி அலுவலகம், ‘ஒத்தேல் தியூ’ என்றால் அந்தக் காலத்து மருத்துவமனை.

* இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 90 யூரோ. எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதற்கான ஆதாரமும் கேட்பார்கள்.

ஹோட்டலில் தங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றில்லை. அதிக ஹோட்டல்களும் ஒரு தெருவின் முகத்தை மாற்றும். ஆனால் ஏற்கெனவே ஹோட்டலாக இருக்கும் கட்டடத்தில் நாம் எடுக்கும் அறை, யாரோ ஒருவர் ஆண்டு முழுக்கக் குடியிருக்கக்கூடிய வீடு அல்ல. பிரெஞ்சு நகராட்சிகள் இன்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது இந்த ஒரு வித்தியாசத்தைத்தான்.