முதல் மீட்டிங் பிடிக்கவில்லையா? அடுத்ததற்குப் போங்கள்

“ஒருநாள் போனேன், எனக்குச் சரிப்பட்டு வரல.” குடியை விட முயன்று மறுபடி டாஸ்மாக் வாசலுக்குத் திரும்பியவர்களிடம் ஏ.ஏ. கூட்டங்களைப் பற்றிக் கேட்டால் அடிக்கடி வரும் பதில் இது. துருவிக் கேட்டால், அவர் போனது ஒரே குழுவுக்கு, ஒரே ஒரு மாலை. அங்கிருந்த எல்லாருக்கும் அப்பா வயது. அல்லது பேச்சு பாதிக்குமேல் ஆங்கிலத்தில் நடந்தது. அல்லது பக்கத்துத் தெருக்காரர் உட்கார்ந்திருந்ததைக் கண்டு கூசிப்போய் எழுந்து வந்துவிட்டார். இவற்றைச் சாக்கு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குழுவை விட்டுவிட இவை போதுமான காரணங்கள்தான். ஆனால், இவற்றுக்காக மீட்டிங்குக்குப் போவதையே விட்டுவிட வேண்டியதில்லை.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஏ.ஏ., 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகளால் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, சந்தா இல்லை. சுற்றிவரும் பையில் முடிந்தவர்கள் போடுவதிலேயே செலவு நடக்கிறது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. சாதி, கட்சி, சம்பளம் எதையும் கேட்பதில்லை. முழுப் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். உறுப்பினராகச் சேர்க்கப் பணம் கேட்கிற இடம் எதுவானாலும் அது ஏ.ஏ. அல்ல.

அடிப்படை ஒன்றானாலும் ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் நடக்கிறது. போவதற்கு முன் தொடர்பு எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்: எந்த மொழியில் பேசுவார்கள், ‘ஓப்பன்’ மீட்டிங்கா ‘க்ளோஸ்டு’ மீட்டிங்கா, பெண்கள் வருகிறார்களா? ஓப்பன் மீட்டிங்குக்கு மனைவியோ நண்பரோ கூட வரலாம். க்ளோஸ்டு என்றால் குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் மட்டும். முதல்நாள் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை, கேட்டுவிட்டு வரலாம். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம் இருந்தால் வேறு ஏரியாவுக்குப் போங்கள்; இணையவழிக் கூட்டங்களும் உண்டு. கடவுள், பிரார்த்தனை என்ற பேச்சு சிலருக்கு ஒட்டாது. அதன் அழுத்தம் குழுவுக்குக் குழு மாறும். எங்குமே ஒட்டவில்லை என்றால் மனநல மருத்துவர், ஆலோசகர் வழியாகவும் குடியிலிருந்து மீளலாம். நான்கைந்து குழுக்களிலாவது உட்கார்ந்து பார்க்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். குடிக்கும் பெண்ணை நம் ஊர் பார்க்கும் பார்வையே வேறு. ஆண்கள் மட்டும் நிறைந்த அறைக்குத் தனியாகப் போவதற்கு முன், பெண் உறுப்பினர் ஒருவரோடு போனில் பேச முடியுமா என்று கேளுங்கள். வழிகாட்டும் ஸ்பான்சராகப் பெண்ணுக்குப் பெண் இருப்பதே ஏ.ஏ.வில் பரிந்துரைக்கப்படும் வழக்கம். புதிதாக வந்தவரிடம் கடன் கேட்கிறவர், நெருங்கிப் பழக அவசரப்படுகிறவர், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் ஆகியோரிடமிருந்து விலகி நில்லுங்கள். மருந்து விஷயம் மருத்துவருடையது என்பதே ஏ.ஏ.வின் நிலைப்பாடும்.

மீட்டிங்கால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. பல காலமாகத் தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாட்களில் ஆள் தெரியாமல், இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றலாம். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. “சாமிக்கு மாலை போட்டிருக்கேன், நானே நிறுத்திடுவேன்” என்கிறவரையும் முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு.

கட்டிப் போட்டு, அடித்துத் திருத்தும் ‘மறுவாழ்வு மையங்கள்’ பக்கம் போகாதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுப்பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் அது தடை செய்கிறது. சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதும் நோயாளியின் உரிமை. சேர்ப்பதற்கு முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கொடுமை நடந்தால் அந்த ஆணையத்திடமும் காவல் துறையிடமும் புகார் கொடுக்கலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்ற தனிக் குழு இருக்கிறது. 1951இல் பில் வில்சனின் மனைவி லோயிஸும் தோழி ஒருவரும் தொடங்கியது. உங்கள் வீட்டில் குடிப்பவர் குடிப்பதை நிறுத்தாவிட்டாலும் நீங்கள் போகலாம். அது உங்களுக்கான இடம். அடி உதை இருந்தால் மட்டும் மீட்டிங் வரை காத்திருக்காமல் உடனே பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள்.

மீட்டிங்குக்குப் போய்க்கொண்டிருந்தவர் மறுபடி குடித்துவிட்டால், வெட்கப்பட்டு நின்றுவிடாமல் அடுத்த மீட்டிங்குக்கே போக வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அப்படித் திரும்பி வந்தவர்கள். யாரும் விரட்ட மாட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416 இரண்டில் ஒன்றை இன்றே அழையுங்கள்.