பிரேக்கைத் தடுக்கும் குட்டி ஆர்.என்.ஏ.

மாணவர்களே, வெற்றிலை போடும் தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, சிலருக்குப் புகையிலையும் வேண்டும். தோட்டப்புற வாழ்க்கையோடு ஒட்டி வந்த பழக்கம் இது. மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே வாய்ப் புற்றுநோய் அதிகம் காணப்படுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். புகையிலை இல்லாவிட்டாலும் ஆபத்துதான். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

பல ஆண்டுகள் பாக்கு மெல்பவரின் வாயில் உயிரணுக்கள் மெல்ல மெல்லச் சேதமடைகின்றன. அங்கே என்னதான் கெட்டுப்போகிறது?

டி.என்.ஏ.வில் உள்ள குறிப்பை ஆர்.என்.ஏ. நகலெடுத்துச் செல்கிறது, அதைப் படித்து உயிரணு புரதம் தயாரிக்கிறது. இது நீங்கள் அறிந்த பாடம். ஆனால், நம் டி.என்.ஏ.வில் ஏறக்குறைய 2 விழுக்காடு மட்டுமே புரதத்துக்கான குறிப்பு. மற்றப் பகுதிகளிலிருந்தும் ஆர்.என்.ஏ.க்கள் உருவாகின்றன. அவை புரதம் தயாரிப்பதில்லை. அவற்றுள் ஒரு வகைதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. அதன் நீளம் சுமார் 22 எழுத்துகளே.

1993-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரும் 1 மில்லிமீட்டர் நீளப் புழுவில் இது செயல்படும் விதத்தைக் கண்டறிந்தனர். புழுவுக்கு மட்டுமே உரிய விந்தை என்றே பலர் எண்ணினர். 2000-இல் 'லெட்-7' எனும் மைக்ரோ ஆர்.என்.ஏ. மனிதரிடமும் இருப்பது தெரிந்தது. 2024-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. நகலின்மேல் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாகாமல் தடுக்கிறது. அளவோடு நடந்தால் இது நல்ல கட்டுப்பாடு. வாய்ப் புற்றுநோயில் அந்த அளவு தவறுகிறது.

ஒரு காரை நினைத்துக்கொள்ளுங்கள். 'பி.டி.இ.என்.' என்ற புரதம் உயிரணு வளர்ச்சிக்குப் பிரேக் போன்றது. வாய்ப் புற்றுக்கட்டிகள் பலவற்றில் 'மிர்-21' எனும் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவுக்கு மீறிப் பெருகி, இந்தப் புரதத்தைக் குறைத்துவிடுகிறது. 'ராஸ்' என்ற புரதமோ வேகத்தைக் கூட்டும் மிதி. அதை அடக்கி வைப்பது 'லெட்-7'. அது குறைந்தால் வேகம் கூடும். பிரேக் இல்லை, வேகமோ கூடுகிறது. உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன.

இதே ஆர்.என்.ஏ. நோயைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். வாய்ப் புற்றுநோயாளிகளின் உமிழ்நீரில் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் குறைந்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2009-இல் கண்டனர். ஊசியோ கத்தியோ இன்றி, உமிழ்நீரைக் கொண்டே நோயை முன்கூட்டி அறிய ஆய்வுகள் தொடர்கின்றன.

அதுவரை நம் கண்களே துணை. வாயில் 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாத வீக்கம் இருந்தால் உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

இந்த வாரம் பாட்டியின் அருகில் உட்கார்ந்து, "வாயைத் திறங்க பாட்டி, பார்க்கிறேன்" என்று கேளுங்கள். வெற்றிலைப் பெட்டியைப் பற்றியும் அன்போடு பேசிப் பாருங்கள்.